வெறுங்கையோடு நடந்தவன்

வேலை எதுவும் இல்லாமல், கையில் ஒரு பொருளும் எடுத்துச் செல்லாமல், ஒரே கரையால் போய் ஒரே கரையால் திரும்பி வருகின்ற ஒரு மனிதனை ஓர் ஊர் எதைக் கொண்டு நம்ப வேண்டும்? கற்பிட்டிப் பக்கத்துக் கடற்கரை ஒன்றில் மல்லாந்து கிடந்தபோது இந்தக் கேள்வி எனக்குள் எழுந்தது. என் நெஞ்சின்மேல் ஒருவனுடைய முழங்கால் ஊன்றியிருந்தது. வாய்க்குள் மணலும் இரத்தமும் கலந்து கிடந்தன. அவன் என்னிடம் கேட்ட கேள்வி இதைவிடச் சுருக்கமானது.

“ஏன்டா நடக்குறாய்?”

“உடம்பைக் குறைக்க” என்றேன். அது முழு உண்மை. அந்த உண்மைக்காகத்தான் அடுத்த அடி விழுந்தது.

நான் புத்தளம் நகரில் பிறந்தவன். பட்டப்படிப்பை முடித்துவிட்டுப் பல வருடங்கள் காத்திருந்து, பட்டதாரி நியமனத்தில் அரசாங்க அலுவலகம் ஒன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தரானேன். எங்கள் வழக்கப்படி, கல்யாணத்துக்குப் பின் மனைவியின் வீட்டில் குடியேறினேன். அந்த வீடு கடலோர மீன்பிடிக் கிராமம் ஒன்றில் இருக்கிறது. பக்கத்து வளவில் மனைவியின் நானா, அதாவது அண்ணன், எனக்கு மச்சான், குடியிருக்கிறார். சொந்தமாக ஓர் இயந்திரப் படகு வைத்துத் தொழில் செய்பவர். ஆளும் பெரியவர், குரலும் பெரியது.

பிள்ளைகள் பிறந்து பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் அந்த ஊருக்கு நான் ‘டவுன் மாப்புள’தான். எனக்கு வலை இழுக்கத் தெரியாது. படகு தள்ளத் தோள் கொடுத்தால் தவறான இடத்தில் நிற்பேன். என்னை அந்த ஆண்களோடு சேர்த்து வைத்திருந்தது சந்தித் தேத்தண்ணிக் கடையில் பற்றவைத்த சிகரெட். ஒருவருடைய நெருப்பில் மற்றவர் பற்றவைப்பதும், பாதியை மிச்சம் வைத்துப் பக்கத்தில் இருப்பவருக்கு நீட்டுவதும் அங்கே நெடுநாள் பழக்கம். அந்தப் பாதிச் சிகரெட்டை வாங்கி இழுப்பவனை யாரும் வேற்றாளாக எண்ணுவதில்லை. காற்று எப்படி இருக்கிறது, மீன் என்ன விலை போனது, ஆருடைய படகு எங்கே ஒதுங்கியது என்ற கதைகளெல்லாம் அந்தப் புகைக்குள்தான் நடக்கும். நானும் அதற்குள் இருந்தேன். அப்போது என்னை யாரும் எதற்கும் சந்தேகிக்கவில்லை.

அலுவலக மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்த ஒரு காலையில், நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்குவதுபோல் இருந்தது. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர் இளம் பெண். இது மாரடைப்பு இல்லை என்றும், ஆனால் சிகரெட்டை விடாவிட்டால் அது வராமல் இருக்கப்போவதில்லை என்றும் தெளிவாகச் சொன்னார். அன்றோடு விட்டேன்.

விட்டேன் என்று எழுதுவது எளிது. உடம்பு அதை ஏற்கவில்லை. பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது. பிள்ளைகள் கதவைச் சாத்தும் சத்தம் கன்னத்தில் அறைவதுபோல் கேட்டது. அலுவலகத்தில் மேசையின் கீழ் முஷ்டியை மடக்கிவைத்துக்கொண்டு மக்களுடைய குறைகளைக் கேட்டேன். விரல்களுக்கும் வாய்க்கும் ஏதாவது வேலை வேண்டியிருந்தது. பணிஸ், மீன் அடைத்த மாலு பாண், பொரித்த சூடை மீன், சீனி அள்ளிப் போட்ட பால் தேத்தண்ணி என்று எது கிடைத்தாலும் உள்ளே போனது. சாப்பாட்டின் ருசியும் திரும்பி வந்திருந்தது; அதுதான் பெரிய சோதனை. சில மாதங்களில் அலுவலகக் காற்சட்டைகள் இடுப்பில் ஏற மறுத்தன. சாரம் கட்டியிருக்கும்போது மட்டும்தான் மூச்சுவிட முடிந்தது.

“சிகரெட்டை விட்டுட்டுச் சோத்தப் பத்துறீங்க போல, மச்சான்” என்று பக்கத்து வளவிலிருந்து குரல் வரும்.

அடுத்த கிளினிக்கில் டாக்டர் என் நிறையைப் பார்த்துவிட்டு மறுபடியும் தராசில் ஏறச் சொன்னார். பிரஷர் ஏறியிருந்தது. சீனியும் எல்லையைத் தொட்டிருந்தது.

“நீங்க விட்டது பெரிய காரியம்” என்றார். “கனபேர் இந்த இடத்துலதான் பிழை விடுறாங்க. உடம்பு வைக்குதெண்டு பயந்து திரும்பப் பத்தத் தொடங்குவாங்க. அதைச் செய்ய வேணாம். சோத்தைக் குறைங்க, மரக்கறியக் கூட்டுங்க, சீனியை விடுங்க. முக்கியமா, நடங்க. எந்த நேரத்துல சிகரெட் ஞாபகம் கூடுதலா வருதோ அந்த நேரத்துல நடங்க.”

எனக்கு அந்த நேரம் விடியற்காலை. சுபஹ் தொழுதுவிட்டு வெளியே வந்ததும் முதல் சிகரெட்டைப் பற்றவைத்துப் பழகிய உடம்பு அது. வீதியால் நடக்க முயன்றேன். மரக்கறி ஏற்றிய லொறிகள் தம்புள்ளைச் சந்தைக்குப் போவதற்காக இருட்டோடு இருட்டாகப் பறந்தன. நாய்கள் கூட்டமாக வந்து கெண்டைக்காலைக் குறிவைத்தன. அதனால் கடற்கரைக்கு மாறினேன். வாடைக் காலத்தில் எங்கள் பக்கத்துக் கடல் அடங்கிக் கிடக்கும். அலை வந்துபோன ஈர மணல் சீமெந்துத் தரைபோல் இறுகியிருக்கும். தெற்கே ஒரு பெரிய தாழம்புதர்வரை நடந்து, அங்கே நின்று மூச்சு வாங்கிவிட்டுத் திரும்பி வருவேன். வீட்டுக்கு வரும்போது சிகரெட் ஞாபகம் அடங்கியிருக்கும். நடக்காத நாளில் அது பகல் முழுவதும் என்னைக் கடித்துக் குதறியது. எனவே அந்த நடைதான் என்னைத் தாங்கியது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அது போனால் சிகரெட் திரும்பி வரும். சிகரெட் வந்தால் அந்த மாடிப்படியும் திரும்பி வரும்.

அந்தக் கரை சாந்தமான இடம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. வலையில் அகப்பட்ட திருக்கையைக் கரையில் போட்டதும் முதலில் அதன் வால் முள்ளை வெட்டுவார்கள். பிறகு தலையில் கட்டையால் அடிப்பார்கள். அது சுலபத்தில் சாகாது. குடலுக்காக நாய்கள் ஒன்றையொன்று கிழிக்கும். படகு இழுக்கும் இடத்துக்காக இரண்டு கூட்டத்தார் மண்டை உடைத்துக்கொண்டதை ஒருமுறை கண்ணால் கண்டேன். மணலில் சிந்திய இரத்தத்தை அடுத்த அலை எடுத்துப் போனது. அடித்தவர்களும் அடிபட்டவர்களும் மறுநாள் அதே இடத்தில் வலை உதறினார்கள். இவற்றுக்கு நடுவேதான், மணிக்கட்டில் விரலை வைத்து நாடி எண்ணிக்கொண்டு நான் நடந்தேன்.

அந்தக் கரையில் எவரும் வெறுமனே நடப்பதில்லை. வலையைத் தூக்கிக்கொண்டோ, எண்ணெய்க் கேனைச் சுமந்துகொண்டோ, காணாமற்போன மிதவையைத் தேடிக்கொண்டோதான் போவார்கள். ஓர் இடத்துக்குப் போகிறவன் அந்த இடத்தில் தங்குவான். நானோ புதர்வரை போய், நின்று, சுற்றும்முற்றும் பார்த்து, கைத்தொலைபேசியை எடுத்து எத்தனை அடி நடந்திருக்கிறேன் என்று பார்த்து, கைக்கடிகாரத்தையும் பார்த்து, திரும்பி வந்தேன். ஒவ்வொரு நாளும் அதே நேரத்தில், அதே இடத்தில். ஆரோக்கியத்துக்காக எனக்குச் சொல்லித்தரப்பட்ட ஒவ்வொரு பழக்கமும் வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு உளவுக்காரனின் பழக்கமாகத் தெரியும் என்பது அப்போது என் புத்திக்கு எட்டவில்லை.

அந்தப் புதருக்குள் பீடி இலை மூட்டைகள் இருந்தன. இந்தியக் கரையிலிருந்து கடல்வழியாகக் கள்ளமாக வருபவை. இதை நான் மிகவும் பிந்தித்தான் அறிந்தேன். நாட்கணக்காக என்னுடைய முதுகுக்குப் பின்னால், கைநீட்டினால் தொடக்கூடிய தூரத்தில் அவை கிடந்திருக்கின்றன. இன்னொரு விஷயமும் சேர்ந்துகொண்டது. சிகரெட்டுக்குப் பயந்து நான் தேத்தண்ணிக் கடைக்குப் போவதை நிறுத்தியிருந்தேன். காரணத்தை அங்கே யாருக்கும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவும் இல்லை. ஆகவே, திடீரென்று கடையை விட்டு விலகியவன், திடீரென்று விடியற்காலையில் கரையில் தோன்றுகிறான். அந்த ஊரின் கணக்கில் அதற்கு ஒரே ஒரு விளக்கம்தான் இருந்தது.

ஒரு நாள் கடற்படையினர் வந்து மூட்டைகளை அள்ளிக்கொண்டு போனார்கள். அன்று மாலையிலிருந்து என்னுடைய ஸலாமுக்குப் பதில் வரவில்லை.

மனைவிக்கு ஏதோ காதில் விழுந்திருந்தது. “கொஞ்ச நாளைக்கு வளவுக்குள்ளேயே நடங்களேன்” என்றாள்.

“இப்ப நிப்பாட்டினால் நான் ஏதோ செய்தவன்போலாகிவிடும்” என்றேன். இன்றைக்கும் அந்த நியாயம் தவறென்று எனக்குத் தோன்றவில்லை. மச்சான் கடலில் இருந்தார். அவரிடம் கேட்க வழியில்லை.

மறுநாள் கிழக்கு வெளுத்துக்கொண்டு வரும்போது புதருக்கருகில் மூன்று பேர் நின்றார்கள். மூவரையும் எனக்குத் தெரியும். தேத்தண்ணிக் கடையில் அருகருகே உட்கார்ந்தவர்கள். ஸலாம் சொல்ல வாயைத் திறந்தேன். ஒருவன் கையில் இருந்த துடுப்பு என் விலாவில் பாய்ந்தது. மூச்சு வெளியே போனது, உள்ளே வரவில்லை. விழுந்தவனை மிதித்தார்கள். காதுக்குள் கடல் இரைந்தது. முழங்காலில் ஒரு மிதி விழுந்தபோது உள்ளே ஏதோ நழுவியதை உணர்ந்தேன். கைகளால் தலையை மூடிக்கொண்டேன். விரல்களின் மேல் துடுப்பு விழுந்தது.

மூவரில் உயரமானவன் நெஞ்சில் முழங்காலை ஊன்றினான். “ஆருக்குடா சொன்னாய்?”

“ஒருத்தருக்கும் சொல்லல்ல. எனக்கு ஒண்டும் தெரியாது.”

“தெரியாமலா நாளுக்கு நாள் இதுல நிண்டு போனைப் பாக்குறாய்? நேரத்தப் பாக்குறாய்? ஏன்டா நடக்குறாய்?”

“உடம்பைக் குறைக்க. டாக்டர் சொன்னார்.”

மற்ற இருவரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. என் வாயில் குத்தினான்.

“மெலியிறதுக்கா நடக்குறாய்? எங்கட புள்ளைகள் தின்ன இல்லாம மெலியுதுகள். நீ நல்லாத் திண்டுட்டு மெலிய நடக்குறியா? ஆருக்கிட்டக் கதை விடுறாய்?”

படித்தவன் என்ற முறையில் பின்னர் அந்த வசனத்துக்குப் பல பதில்களை யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஒன்றையும் அந்த முகத்துக்கு நேரே சொல்லிவிட முடியாது.

“இவன் முந்தி நம்மளோட இருந்து பத்தினவன்” என்றான் துடுப்பு வைத்திருந்தவன். “இப்ப கடைப்பக்கமே இல்ல. கேளு, ஏனெண்டு.”

“சிகரெட்டை விட்டுட்டேன். அதனாலதான்.”

“விட்டுட்டியா?” உயரமானவன் தன் வாயில் இருந்த சிகரெட்டை எடுத்து என் கிழிந்த உதடுகளுக்கிடையே செருகினான். மூக்கைப் பிடித்து அடைத்தான். “பத்து பாப்பம்.”

மூச்சுக்காகத் தவித்த மார்பு இழுத்தது. வேறு வழி இல்லை. விலா எலும்பு உள்ளே குத்தியது. கண்ணில் நீர் வந்தது. அந்த வலிக்கெல்லாம் நடுவில், இரத்தச் சுவைக்கும் மணலுக்கும் நடுவில், புகை இனித்தது. மாதக்கணக்காகப் பூட்டிக் கிடந்த ஒரு கதவு திறந்ததுபோல் என் உடம்பு முழுவதும் தளர்ந்து நன்றி சொன்னது. அடித்த அடிகள் எதுவும் என்னை அவ்வளவு பயமுறுத்தவில்லை.

அப்போதுதான் மச்சானின் படகு கரை சேர்ந்திருக்கிறது. அவர் ஓடிவந்ததை நான் காணவில்லை. நெஞ்சின் மேலிருந்த பாரம் திடீரென்று பறந்துபோனதை மட்டும் உணர்ந்தேன். அவர் உயரமானவனைப் பிடரியில் பிடித்துத் தூக்கி மணலில் எறிந்தார். மற்றவனிடமிருந்து துடுப்பைப் பறித்தார். எழுந்து பாய வந்த உயரமானவன் முகத்தைக் காக்கக் கையை உயர்த்தினான். துடுப்பு அந்தக் கையில் விழுந்தது. பச்சை விறகு முறிவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. அவன் அலறிய அலறலில் கரையில் நின்ற நாய்கள் பின்வாங்கின.

மச்சான் குனிந்து என் சேர்ட்டைப் பிடித்து ஒரே இழுப்பில் மேலே சுருட்டினார். பொத்தான்கள் தெறித்தன.

“இந்த வயித்தப் பாருங்கடா!” என்று கத்தினார். “நல்லாப் பாருங்க! காட்டிக் குடுக்கிறவன்ட வயிறாடா இது? என்ட தங்கச்சி மாசக்கணக்கா இந்தாளுக்குச் சோறு அளந்து போடுறா. ராவுல பசியில முனகுற சத்தம் என்ட வளவுக்குக் கேக்குது. இவர் உளவு பாக்குறாராம், உளவு!”

கூடியிருந்தவர்கள் என் வயிற்றைப் பார்த்தார்கள். காலை வெளிச்சத்தில் அது ஏறி இறங்கியது.

ஆஸ்பத்திரியில் விலாவில் வெடிப்பு என்றார்கள். முழங்கால் வீங்கிப் பனங்காய்போல் ஆகியிருந்தது. வாக்குமூலம் எடுக்க வந்த பொலிஸ்காரர் மரியாதையாக விசாரித்தார். பெயர்களைச் சொல்வதுதான் முறை என்று நான் நம்புகிறவன்; அடிப்பவனுக்குத் தண்டனை இல்லாத ஊரில் அடுத்த வேற்றாளும் அடிபடுவான். ஆனால் நான் மூன்று பெயர்களைச் சொன்னால், அவர்கள் நான்காவது பெயராக என் மச்சானைச் சொல்வார்கள். உடைந்த கைக்கு அவர் பதில் சொல்ல வேண்டும். அவருடைய வீட்டில் உழைப்பவர் அவர் ஒருவர்தான். அதற்கும் மேலாக, நான் பொலிஸுக்குப் பெயர் கொடுத்தேன் என்றால், முன்பு கொடுத்ததும் நானே என்று ஊர் முடிவு செய்துவிடும். அடித்தவர்களைத் தெரியாது என்றேன். இரு பக்கத்துக் காயங்களும் ஒன்றையொன்று பார்த்து வாயை மூடிக்கொண்டன. அது நீதி இல்லை என்பதை அப்போதும் அறிந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு நடக்க முடியாமல் கிடந்தேன். இருமும் ஒவ்வொரு முறையும் விலாவுக்குள் கத்தி திரும்பியது. தும்மல் வரும்போது தலையணையைக் கட்டிக்கொண்டு அழுதேன். அந்த ஒரு இழுப்பு என்னுடைய மாதக்கணக்கான உழைப்பைக் கெடுத்துவிட்டிருந்தது; விடியற்காலையில் விழிப்பு வந்தால் வாய் ஊறியது. நடையும் இல்லை. படுத்தபடி சாப்பிட்டால் நிறை என்னவாகும் என்பதும் எனக்குத் தெரியும்.

மச்சான் ஒரு பின்னேரம் வந்து கட்டிலருகே இருந்த கதிரையில் உட்கார்ந்தார். மடியிலிருந்து சிகரெட் பெட்டியை எடுத்து என் தலைமாட்டில் வைத்தார்.

“ஒண்டப் பத்துங்க மச்சான். நோவு தெரியாது. ஆரும் ஒண்டும் சொல்ல மாட்டாங்க.”

அன்பினால்தான் செய்தார். என் கை பெட்டியை நோக்கிப் போனது. சமையலறையிலிருந்து வந்த மனைவி அதைப் பறித்துத் தரையில் எறிந்து, செருப்புக் காலால் நசுக்கினாள். சிகரெட்டுகள் கிழிந்து புகையிலை சிதறியது.

“நானா, உங்களுக்குப் புத்தி இருக்கா?” என்றாள். “இவர் ஒண்டப் பத்தினார் எண்டு வெளிய தெரிஞ்சா என்ன நடக்கும்? விட்டுட்டேன், அதுக்காகத்தான் நடந்தேன் எண்டு மண்ணுல கிடந்து சொன்ன கதை பொய்யாப் போகும். அவனுகள் அடிச்ச அடி சரியாப் போகும். நாளைக்கு என்ட புள்ளைகளை ஊருல என்ன சொல்லிக் கூப்பிடுவாங்க?”

மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். சிதறிய புகையிலையின் மணம் அறையை நிறைத்தது. அவள் சொன்னது எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. இதுவரை சிகரெட்டை விடுவது என் நெஞ்சுக்கும் எனக்கும் உரிய காரியமாக இருந்தது. இப்போது என்னுடைய சொல் உண்மை என்பதற்கு இந்த உடம்பைத் தவிர வேறு சாட்சி இல்லை. நான் புகைக்காமல் இருக்க வேண்டும், மெலியவும் வேண்டும். இரண்டும் ஊர் காண நடக்க வேண்டும்.

ஆனால் சாட்சி முதிர்வதற்கு ஊர் காத்திருக்கவில்லை. எங்கள் ஓட்டின்மேல் கல் விழுந்தது. ஒரு துண்டு தெறித்து மகளின் நெற்றியைக் கீறியது. அடுத்து, கரையில் காய்ந்துகொண்டிருந்த மச்சானின் வலையைக் கத்தியால் குறுக்கும் நெடுக்கும் வெட்டிப் போட்டிருந்தார்கள். வலையைக் கையில் தூக்கியபோது அது கந்தலாகத் தொங்கியது. அவர் எண்ணெய்க் கேனைத் தூக்கினார். கை உடைந்தவனுக்கும் ஒரு படகு இருந்தது. அதற்குள் அவனுடைய தம்பி படுப்பது வழக்கம். மச்சானுக்கு அது தெரியும்; தெரிந்தும் அதைக் கொளுத்தப் புறப்பட்டார்.

நான் கட்டிலிலிருந்து எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றேன்.

“ஒரே ஒரு பின்னேரம் எனக்குத் தாங்க.”

“எதுக்கு?”

“கடைக்குப் போகணும்.”

“எந்தக் கடைக்கு? விலா வெடிச்ச ஆள் நீங்க!”

“தேத்தண்ணிக் கடைக்கு.”

அவர் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். ஆனால் கேனைக் கீழே வைத்தார்.

சந்திவரை நடந்தது நான் வாழ்நாளில் நடந்த மிக நீண்ட தூரம்போல் இருந்தது. கடைக்குள் கால் வைத்ததும் பேச்சு நின்றது. மூவரும் இருந்தார்கள். உயரமானவனின் கையில் மாவுக்கட்டு. புகை முகட்டில் தேங்கி நின்றது. காலியாக இருந்த வாங்கில் அவனுக்கு நேரெதிரே உட்கார்ந்தேன்.

“வாங்க, டவுன் மாப்புள” என்றான். “எங்கள எண்ணிப் பாக்க வந்தீங்களா?”

“தேத்தண்ணி குடிக்க வந்தேன். பிளேன்டி ஒண்டு” என்று கடைக்காரரிடம் சொன்னேன். “சீனி இல்லாம.”

மூலையிலிருந்து யாரோ சொன்னார்: “சீனியில்லாம உளவு பாக்குறவன இப்பத்தான் காணுறன்.” ஒரு சிரிப்பு எழுந்து பாதியில் அடங்கியது.

உயரமானவன் தன் சிகரெட்டைப் பாதிவரை இழுத்தான். பிறகு இடக்கையால் அதை என் பக்கம் நீட்டினான். கடை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. அதை வாங்கி ஓர் இழுப்பு இழுத்தால், அந்த ஊர் வழக்கப்படி சண்டை முடிந்தது; நான் மறுபடியும் அவர்களில் ஒருவன். கல் நிற்கும், வலை தப்பும். வாங்காவிட்டால் முகத்தில் துப்பியதற்குச் சமம். இரண்டு பக்கத்தையும் நிறுத்துப் பார்த்தேன். வாங்கினால் இன்று சமாதானம் வரும். ஆனால் நான் பொய்யனாவேன், அடுத்த மூட்டை பிடிபடும் நாளில் மீண்டும் என்னைத்தான் தேடி வருவார்கள். வாய் ஊறியது. அதை மறைக்க முடியவில்லை. தொண்டை அசைந்ததை அவன் கண்டான்.

“வேணாம்” என்றேன். “விட்டுட்டேன்.”

அவன் என் முன்னாலிருந்த கிளாஸைத் தட்டினான். கொதிக்கும் தேத்தண்ணி நெஞ்சில் கொட்டியது. கிளாஸ் தரையில் விழுந்து நொறுங்கியது. துள்ளி எழுந்தால் விலா என்னவாகும் என்று எனக்குத் தெரியும். அதனால் அசையாமல் இருந்தேன். தோல் வெந்தது. அவன் என் முகத்தில் புகையை ஊதிக்கொண்டே இருந்தான், சிகரெட் விரலைச் சுடும்வரை.

“இன்னொரு பிளேன்டி தாங்க” என்றேன் கடைக்காரரிடம்.

மறுநாளும் போனேன். அதற்கு அடுத்த நாளும் போனேன். அவன் ஒவ்வொரு நாளும் பாதிச் சிகரெட்டை நீட்டினான். சில நாட்களில் என் காலடியில் காறித் துப்பினான். என் பிள்ளைகளைக் குறித்துச் சொல்லத் தகாத சொற்களைச் சொன்னான். ஒருமுறை மாவுக்கட்டைத் தூக்கிக் காட்டி, “இது ஆறட்டும்” என்றான். நான் வேணாம் என்று மட்டும் சொன்னேன். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி, அதில் ஏறியிருந்த புகை மணத்தை முகர்ந்துவிடக்கூடாது என்பதற்காக வெளியே எறிந்துவிட்டுப் படுப்பேன். நடக்க முடிந்த தூரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியது. சாப்பாட்டை மனைவி அளந்துதான் தந்தாள். மாலு பாணை நான் தொடவில்லை.

எப்போது மாறியது என்று துல்லியமாகச் சொல்ல முடியாது. ஒரு பின்னேரம் அவன் சிகரெட்டை நீட்டாமல் தானே முழுவதையும் இழுத்து முடித்தான். என்னை மேலும் கீழும் பார்த்தான்.

“காற்சட்டை கழலுது” என்றான், யாரிடமும் சொல்லாததுபோல்.

“பெல்ட்ட இறுக்கிக் கட்டுங்க மாப்புள, கடைக்குள்ள மானம் போயிடும்” என்றார் மூலையில் இருந்தவர். இந்த முறை சிரிப்பு பாதியில் நிற்கவில்லை. அவன் சிரிக்கவில்லை, ஆனால் எழுந்து போகவும் இல்லை.

சிகரெட்டை விடுங்கள், நடங்கள் என்று சொல்லுகிற எந்தச் சுவரொட்டியும், யார் நடுவில் நடப்பது, அவர்களுக்கு அதை எப்படிச் சொல்வது என்று சொல்வதில்லை. என் அலுவலகத்தில் அந்தச் சுவரொட்டியை ஒட்டுகிறவர்களில் நானும் ஒருவன். இப்போது கிராமங்களுக்குப் போய்ச் சுகாதாரக் கூட்டம் வைக்கும்போது, நடக்கத் தொடங்குவதற்கு முன் அதைப் பக்கத்து வீட்டுக்குச் சொல்லுங்கள் என்று முதலில் சொல்கிறேன். கூட்டத்தில் சிலர் சிரிப்பார்கள்.

அதன் பிறகு எங்கள் ஓட்டில் கல் விழவில்லை. மச்சான் புது வலை வாங்கித் தொழிலுக்குப் போகிறார். அவரும் அந்த மூவரும் ஒரே கரையில் ஒருவரையொருவர் பார்க்காமல் படகு தள்ளுகிறார்கள். என்னை அடித்ததற்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. நான் சிகரெட்டைத் தொடவில்லை. நிறை குறைந்திருக்கிறது, டாக்டர் கேட்ட அளவுக்கு இன்னும் வரவில்லை. நான் இப்போது நடப்பது பின்னேரத்தில், பெரிய வீதியால், கடைகளின் முன்னால்.